பிங் பிறந்த இரவு

ஃப்ரீ ஃபயர் ஆகட்டும், வேலரன்ட் ஆகட்டும், திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். 38, 41, 39 என்று அடங்கி நிற்கும். திடீரென்று 310 காட்டும். எதிரி உறைந்து நிற்பான், அடுத்த கணம் வேறெங்கோ இருப்பான், நம் ஆள் விழுந்து கிடப்பான். "பிங் ஏறிடுச்சு" என்று பையன்கள் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். சில நேரம் சரியாகும், பல நேரம் ஆகாது.

அந்த எண்ணை உண்டாக்கியவர்கள் விளையாட்டுக்காரர்கள் இல்லை. அது பிறந்தது ஒரு ராணுவ ஆய்வுக்கூடத்தில், பழுது எங்கே என்று தேடும் கருவியாக. அது எப்படிப் பிறந்தது, எப்படி ஆட்டத்துக்குள் வந்தது என்று தெரிந்தால், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது விளங்கும். சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபி என்ற புதிய நெறிமுறைக்கு மாறியது. அதற்கு முன்பே, 1981 செப்டம்பரில், ஜான் போஸ்டல் எழுதிய ஒரு தர ஆவணம் ஐசிஎம்பி என்னும் துணை நெறிமுறையை வகுத்திருந்தது. அதில் எக்கோ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு கணினி இன்னொன்றுக்கு எக்கோ கோரிக்கை ஒன்றை அனுப்பினால், பெற்றுக்கொண்ட கணினி அதிலிருந்த தகவலை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். எதிரில் ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

அனுப்பிய நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால் பாதையின் தாமதத்தை அளக்கலாம் என்பதைச் செய்து பார்த்தவர் டேவிட் மில்ஸ். கணினிகளின் கடிகாரங்களை இணையம் வழியாக ஒத்துப்போகச் செய்யும் என்டிபி முறையை உருவாக்கியவர் இவர்தான். 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், எக்கோ பாக்கெட்டுகளை, அதாவது சின்னத் தகவல் பொட்டலங்களை, வைத்துத் தாமதத்தை அளந்ததை அவர் விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மைக் மூஸ். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீனில் இருந்த ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை, வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் ஆய்வுக்கூடத்தின் நெட்வொர்க் கோளாறு செய்தது. மூஸுக்கு மில்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து நிரலை எழுதினார். நிரல் பிழையில்லாமல் கம்பைல் ஆனது, ஆனால் ஓடவில்லை. ஐசிஎம்பி பாக்கெட்டுகளை ஒரு சாதாரண நிரல் நேரடியாக அனுப்பவும் வாங்கவும் யூனிக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் வசதியே இல்லை. கோபம் வந்தவராக அந்த வசதியையும் தானே எழுதிச் சேர்த்தார். பொழுது விடிவதற்குள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் முதல் பாக்கெட்டை அனுப்புவதற்கு முன்பே, உடன் பணியாற்றிய ஒருவர் பழுதான வன்பொருளைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார்.

எந்தப் பழுதுக்காக எழுதப்பட்டதோ அதற்குப் பயன்படாமல் போன அந்த ஆயிரம் வரி நிரலை பெர்க்லி பல்கலைக்கழகம் தன் யூனிக்ஸில் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து உலகெங்கும் பரவியது. கல்லூரி நாட்களில் சோனார், ரேடார் அமைப்புகளை கணினியில் மாதிரி செய்து பழகியிருந்த மூஸ், சோனார் எழுப்பும் 'பிங்' ஒலியையே அதற்குப் பெயராக வைத்தார். தன் வாழ்க்கையில் இதுதான் பேர் வாங்கித் தரும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருப்பேன் என்று பின்னாளில் எழுதினார். 2000 நவம்பரில் சாலை விபத்தில் அவர் இறந்தபோது வயது 42.

மூஸுக்குப் பிடித்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு கட்டடத்தில் நெட்வொர்க் விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. அந்த நெட்வொர்க்கின் நிர்வாகி, ஒவ்வொரு பதில் வரும்போதும் கணினி உரக்க "பிங்" என்று சொல்லும்படி செய்துவிட்டு, ஒலியை முழுதாகக் கூட்டி வைத்தார். பிறகு கட்டடம் முழுக்க நடந்து, ஒவ்வொரு கேபிள் இணைப்பாக அசைத்துப் பார்த்தார். எந்த இணைப்பை அசைத்தபோது ஒலி நின்றதோ அங்கே பழுது. பிங்கை இதைவிடச் சரியாகப் பயன்படுத்திய ஒருவரை நான் கேள்விப்பட்டதில்லை. எண் எவ்வளவு என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எதைத் தொட்டால் அது மாறுகிறது என்று பார்த்தார்.

ஆட்டத்துக்குள் பிங் நுழைந்த கதை தொடங்குவது பத்தாண்டு கழித்து. 1993 டிசம்பரில் வந்த டூம், அலுவலக உள் நெட்வொர்க்கில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடவிட்டது. நொடிக்கு 35 முறை ஒவ்வொரு கணினியும் தன் ஆட்டக்காரர் அழுத்திய விசைகளை மற்றவற்றுக்குச் சொல்லும். எல்லோருடையதும் வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் அடுத்த கட்டத்துக்கு நகரும். ஒருவருடைய பாக்கெட் தாமதித்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். ஒரே கட்டடத்துக்குள் இது ஒரு குறையாகவே தெரியவில்லை.

1996 ஜூனில் டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் குவேக்கை வெளியிட்டது. இதில் நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தியது. 'முன்னே நட' என்று விசையை அழுத்தினால் செய்தி சர்வருக்குப் போகும். சர்வர் கணக்குப் போட்டு இடத்தைத் திருப்பிச் சொல்லும். அதன் பிறகுதான் திரையில் கால் நகரும். மோடம் வைத்து ஆடியவர்களுக்கு ஒவ்வொரு அடியும் கால் நொடிக்கு மேல் தாமதித்தே வந்தது. நெட்வொர்க் தாமதம் விசைத் தாமதமாக மாறியது இங்கேதான்.

குவேக்கின் நிரலாளர் ஜான் கார்மக், யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய தன் வேலைக் குறிப்பேட்டில் அந்த ஆகஸ்டிலேயே வெளிப்படையாக எழுதினார். 200 மில்லி செகண்டுக்குள் தாமதம் இருக்கும் என்று எண்ணி வடிவமைத்ததாகவும், உலகத்தில் பெரும்பாலோர் மோடத்தில் 300க்கு மேல் வாங்குகிறார்கள் என்றும், தன் வீட்டில் டி1 என்ற வேகமான இணைப்பு இருந்ததால் அந்த வாழ்க்கை தனக்குத் தெரியாமல் போனது என்றும் ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் ஆட்டங்களையும் செயலிகளையும் உருவாக்குகிறவர்கள் பலரும் நகரத்து நல்ல இணைப்பில் உட்கார்ந்துதான் சோதிக்கிறார்கள். கார்மக்கின் அந்தக் குறிப்பை அவர்கள் மேசைமீது ஒட்டிவைக்கலாம்.

அவர் கண்ட தீர்வு, காத்திருக்காமல் ஊகிப்பது. விசையை அழுத்தியவுடன் ஆட்டக்காரரின் கணினியே ஆளை நகர்த்திக் காட்டிவிடும். சர்வரின் பதில் வந்ததும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் திருத்தும். இதற்கு ஒவ்வொரு வீட்டுக் கணினிக்கும் சுவர், உராய்வு, புவியீர்ப்பு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். 1996 டிசம்பரில் வந்த குவேக்வேர்ல்டில் இது ஓடியது. தாமதம் அப்படியே இருந்தது, ஆனால் கால் உடனே நகர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆள் சட்டென்று இரண்டடி பின்னால் இழுக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊகம் தவறி, சர்வர் திருத்திய கணம் அது.

அதே காலத்தில் ரசிகர்கள் எழுதிய குவேக்ஸ்பை என்ற மென்பொருள், கிடைக்கும் சர்வர்களையெல்லாம் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் பிங் எவ்வளவு என்று காட்டியது. ஆட்டக்காரர்கள் எண் குறைந்த சர்வரைத் தேடிப் போனார்கள். பழுது பார்க்கும் கருவி அப்படித்தான் மதிப்பெண் ஆனது.

சுடுவதில் வேறொரு சிக்கல் இருந்தது. நான் பார்க்கும் எதிரி, சர்வரில் சற்று முன்பு இருந்த எதிரி. குறிபார்த்துச் சுட்டாலும் அவன் அங்கே இல்லை. ஆகவே தாமதத்தைக் கணக்கிட்டு, ஆளுக்கு முன்னால் சுட வேண்டியிருந்தது. வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர், ஹாஃப்-லைஃப் ஆட்டத்துக்காகச் செய்ததை 2001 விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார். ஒருவர் சுட்ட செய்தி வந்ததும் சர்வர் மற்ற எல்லோரையும் அவர் பார்த்த கணத்தின் இடங்களுக்குப் பின்னோக்கி நகர்த்தி, குண்டு பட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி முன்னே கொண்டுவரும். "சுவருக்குப் பின்னாடி வந்துட்டேன், அப்புறமும் சுட்டுட்டான்" என்ற புகார் பிறந்தது இதிலிருந்து. சுட்டவர் திரையில் நீங்கள் இன்னும் சுவருக்கு வெளியே இருந்தீர்கள். சர்வர் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்காக உங்கள் ரவுட்டரை அணைத்துப் பயனில்லை. அது ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு.

அதே மாநாட்டில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் குழுவினர் சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 28.8 கிலோபிட் மோடத்தில் நூற்றுக்கணக்கான படைவீரர்களை நகர்த்தும் ஆட்டம் அது. ஆணையிட்டு 250 மில்லி செகண்ட் கழித்து வீரன் நகர்ந்தால் ஆடுகிறவர்கள் கவனிக்கவே இல்லை. 500 வரை ஆட முடிந்தது. ஆனால் ஒரு முறை 80, அடுத்த முறை 500 என்று மாறி மாறி வந்தபோது எரிச்சல் அடைந்தார்கள். எப்போதும் 500 என்று நிலையாக வந்தால் பழகிக்கொண்டார்கள். துப்பாக்கி ஆட்டத்தில் 500 நடக்காது என்பது வேறு. ஆனால் கை ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது, தாளம் தவறினால்தான் தடுமாறுகிறது என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தும். சராசரி பிங் 45 என்று காட்டும் இணைப்பில் ஆட முடியாமல் போவதும், 70 காட்டும் இணைப்பில் சுகமாக ஆடுவதும் இதனால்தான். இந்த ஏற்ற இறக்கத்தை ஜிட்டர் என்கிறார்கள்.

எண்ணை எவ்வளவு குறைக்க முடியும் என்பதற்கு இயற்கை ஒரு எல்லை போட்டிருக்கிறது. ஸ்டூவர்ட் செஷயர் என்ற ஸ்டான்ஃபோர்ட் மாணவர், போலோ என்ற நெட்வொர்க் டாங்கி ஆட்டத்தை எழுதியவர். 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கணக்குப் போட்டார்: ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டனுக்கு 4,320 கிலோமீட்டர், கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும், போய்வர 43 மில்லி செகண்ட் கட்டாயம். அன்று உண்மையில் அளந்தது 85. நம் பக்கக் கணக்கும் இதேதான். 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி செகண்ட். அந்தக் கேபிள் வழியாக சிங்கப்பூர் சர்வரில் ஆடும் சென்னைக்காரருக்கு 32க்குக் கீழே எந்தத் திட்டமும் எந்த ரவுட்டரும் கொண்டுபோக முடியாது. செஷயரின் வாதம் எளிது: நொடிக்கு எவ்வளவு தகவல் போகும் என்ற அகலத்தைக் காசு கொடுத்துக் கூட்டலாம், தாமதத்தை அப்படிக் குறைக்க முடியாது. இணைய இணைப்பு நிறுவனங்கள் அகலத்தை மட்டுமே 'வேகம்' என்று விற்றன, இன்றும் விற்கின்றன.

ஆனால் 40 திடீரென்று 310 ஆவதை ஒளியின் வேகம் விளக்காது. அதற்கான விடை 2010 வரை காத்திருந்தது.

அந்த ஆண்டு ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார். யூனிக்ஸ் திரைகளுக்கு அடிப்படையான எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இணையம் மந்தமாக இருக்கிறது என்று வீட்டில் பிள்ளைகள் அடிக்கடி சொல்லிவந்தார்கள். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே பிங்கை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு நொடிக்கு மேல் காட்டியது. கோப்பு போய் முடிந்ததும் எண் இறங்கிவிட்டது. பழைய இணையப் பொறியாளர்களிடம் தன் பதிவுகளைக் காட்டினார். அவர்களில் வான் ஜேக்கப்சனும் ஒருவர்.

ஜேக்கப்சனுக்கு இந்தக் கதையில் பழைய உறவு உண்டு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32 ஆயிரம் பிட்டு ஓடிய இணைப்பு, நெரிசலில் வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. அதன் காரணத்தைத் தேடிப்போன ஜேக்கப்சன், 1988இல் டிசிபிக்கு நெரிசல் கட்டுப்பாட்டைக் கொடுத்தார். பாக்கெட் தொலைந்தால் பாதை நிரம்பிவிட்டது என்று பொருள். அனுப்புகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இணையம் இன்றுவரை ஓடுவது பெருமளவு இந்த ஏற்பாட்டால். பாக்கெட் போகும் வழியில் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டும் டிரேஸ்ரூட்டை எழுதியவரும் அவரே.

இந்த ஏற்பாட்டை நல்ல எண்ணத்தோடு கெடுத்துவிட்டார்கள். நினைவகச் சில்லு மலிவானதும் மோடத்திலும் ரவுட்டரிலும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் பெரிய பஃபர் வைத்தார்கள், ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது என்று. பாக்கெட் தொலையவில்லை என்றால் டிசிபிக்கு நெரிசல் தெரியாது. பஃபர் நிரம்பி வழியும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். 256 கிலோபைட் பிடிக்கும் பஃபர், நொடிக்கு 1 மெகாபிட் அப்லோடு என்றால் அது காலியாக 2 நொடி. ஒருவர் மாதச் சாமான் பட்டியலோடு மளிகைக் கடையில் நிற்க, பின்னால் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவரும் அதே வரிசையில் காத்திருப்பதுபோல, படங்களை கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றும் போனுக்குப் பின்னால் ஆட்டத்தின் சின்னப் பாக்கெட் நிற்கிறது. கெட்டிஸ் இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார்.

ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்ஸும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி செகண்ட் முழுக்க அந்தக் காத்திருப்பு 5க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை என்றால், வேண்டுமென்றே சில பாக்கெட்டுகளைக் கீழே போடும். டிசிபி புரிந்துகொண்டு அடங்கும். எரிக் டுமாசே, டேவ் டாட் போன்றவர்கள் இதோடு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி வரிசை வைத்து, அவ்வப்போது மட்டும் வரும் சின்னப் பாக்கெட்டுகளை முன்னே விடும் முறையையும் சேர்த்தார்கள். தீப்பெட்டிக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார், பட்டியல்காரருக்கும் நஷ்டமில்லை. அதே ஆண்டு வந்த லினக்ஸ் 3.5இலேயே அது இடம்பெற்றது. டேவ் டாட் 2025 ஏப்ரலில் இறக்கும்வரை, ரவுட்டர் நிறுவனங்களிடம் இதைப் போடுங்கள் என்று மன்றாடிக்கொண்டே இருந்தார். இன்று ஆன்லைனில் ஆடும் யாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

ஆக, அந்த எண் சொல்லாமல் விடுவது இதுதான்: சும்மா இருக்கும் இணைப்பில் அளந்த பிங், வீடே பயன்படுத்தும் நேரத்துப் பிங் இல்லை. இணைய நிறுவனத்து ஊழியர் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பதும், ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டம் திணறுவதும் இரண்டுமே உண்மை.

கோளாறு தேடும்போது 'பிங்' ஒலியைக் கேட்டபடி கட்டடம் முழுக்க நடந்த அந்த நிர்வாகி செய்ததையே செய்ய வேண்டும், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். விசைக்கும் திரைக்கும் நடுவிலேயே தாமதம் இருக்கலாம். ஆள் தனியாக, இணையம் இல்லாமல் ஆடும்போதும் மந்தமாக இருந்தால் நெட்வொர்க்மேல் பழி போடாதீர்கள். டிவியில் ஆடுகிறவர்கள் கேம் மோடை இயக்கினாலே பலருடைய குறை தீரும். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் எந்தப் பிங்கிலும் தெரியாது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி செகண்ட் எடுக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து வீட்டு ரவுட்டருக்கே பிங் அனுப்புங்கள். கேபிளில் 1, 2 மில்லி செகண்டுக்கு மேல் வரக் கூடாது. வைஃபையில் அது 5, 90, 12, 200 என்று குதித்தால் கோளாறு வீட்டுக்குள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் பங்குபோடுகின்றன. ஒரு லேன் கேபிளை இழுத்துப் பாருங்கள். டிரேஸ்ரூட்டில் நடுவில் ஏதோ ஒரு கட்டம் மட்டும் 200 காட்டி, அதற்கடுத்தவை 40 காட்டினால் பதற வேண்டாம். அந்த ரவுட்டர் உங்கள் பாக்கெட்டைத் தாமதிக்கவில்லை, உங்களுக்குப் பதில் எழுதத்தான் தாமதித்தது. அந்தக் கட்டத்திலிருந்து கடைசிவரை எண் ஏறியே இருந்தால்தான் அங்கே பிரச்சினை.

கடைசியாக கெட்டிஸ் செய்த சோதனை. வெளியே ஒரு சர்வருக்குப் பிங்கை ஓடவிட்டு, இன்னொரு கருவியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 40 என்பது 60 ஆனால் கவலை இல்லை. 600 ஆனால், இரண்டு மடங்கு வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டும் முன், ரவுட்டரில் மேலே சொன்ன முறையைப் பயன்படுத்தும் எஸ்க்யூஎம் என்ற வரிசை நிர்வாக வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இயக்கி, உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தை எல்லையாகக் கொடுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்துக்குள் போய்ச் சேராமல் ரவுட்டரின் கையில் இருக்கும். பதிவிறக்கத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். பிறகு மறுபடி அப்லோடு ஓடவிட்டு, பிங்கைப் பாருங்கள்.